விளையாட்டு வைத்தியமும் வேப்பிலை அடிப்பும்



குழந்தைகளின் மனக்கோளாறுகளுக்கு விளையாட்டின் மூலமாக வைத்தியம் செய்யும் முறையைப் பற்றி, அந்த வேலையில் புதிதாக இறங்கியிருக்கும் தோழர்களுக்குப் பயன்படும்படியாகச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கிறோம். இந்தக் கூட்டத்தில் உபாத்தியாயர்கள் இருக்கிறார்கள். அங்கன்வாடியில் வேலை பார்க்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். மனோதத்துவம் படித்துப் பட்டம் வாங்கி வந்த இளைஞர்கள் சிலர் நோட்டுப் புத்தகத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் அந்தப் பட்டம் எதுவும் வாங்கியவரல்ல. கிடைத்த புத்தகங்களைப் படித்தும், இந்த வேலையைச் செய்கிறவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்ட அளவில்தான் பேசப் போகிறோம். ஆகையால் நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

ஒரு வீட்டில் 6 வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் லாரியில் அடிபட்டுச் செத்துப் போகிறான். பத்து நாள் கழித்து அந்தக் குழந்தை பேச்சை நிறுத்திவிடுகிறது. இரவில் படுக்கையை நனைக்கிறது. திடீரென்று அலறிக்கொண்டு எழுந்திருக்கிறது. உடனே நமது ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? அப்பன் ஆவி பிடித்துக்கொண்டது என்று பாட்டி சொல்லுகிறாள். பூசாரி வருகிறான். உடுக்கை அடிக்கிறான், சாம்பிராணிப் புகையைக் குழந்தையின் மூக்கில் ஏற்றுகிறான், வேப்பிலையால் விளாசுகிறான், "யார் நீ? எங்கிருந்து வந்தாய்? போகிறாயா இல்லையா?" என்று அதட்டுகிறான். குழந்தை பயத்தில் "போகிறேன்" என்று கத்துகிறது. பேய் போய்விட்டது என்று தட்சணை வாங்கிக்கொண்டு அவனும் போய்விடுகிறான். சில வீடுகளில் பூசாரிக்குப் பதில் மந்திரித்த கயிறு, சில வீடுகளில் ஜெபத் தண்ணீர். இதில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் கிடையாது. எல்லா மதக்காரர்களும் ஒற்றுமையாயிருக்கும் ஒரு சில காரியங்களில் இதுவும் ஒன்று!

இந்த மனப்பான்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தூர தேசத்துக்குப் போக வேண்டியதில்லை. 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவுக்கு வந்தால் சித்தப்பிரமை தீரும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் இருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியில்லாமல் 28 பேர் வெந்து மாண்டார்கள். அது பெரியவர்களுக்கு நேர்ந்தது. குழந்தைகளுக்கு நாம் போடும் சங்கிலி கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த 6 வயதுக் குழந்தைக்கு என்னதான் வந்திருக்கிறது? துக்கம் வந்திருக்கிறது. பெரியவர்களாகிய நமக்குத் துக்கம் வந்தால் ஒப்பாரி வைக்கிறோம், நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்ளுகிறோம். குழந்தைக்கு அந்த அளவுக்கு வார்த்தை ஏது? அதனிடம் ஒரு பொம்மை லாரியையும், ஒரு மனிதப் பொம்மையையும், கொஞ்சம் மணலையும் கொடுத்துவிட்டு நீங்கள் சும்மா இருந்து பாருங்கள். லாரியைப் பொம்மையின் மேல் ஏற்றும். பொம்மையை மணலில் புதைக்கும். தோண்டி எடுக்கும். மறுபடியும் புதைக்கும். அடுத்த வாரம் வந்து மறுபடியும் புதைக்கும். அதுதான் அதன் ஒப்பாரி. இதைப் பார்த்துப் பயப்படாமல், தடுக்காமல், நடுவில் புகுந்து உபதேசம் செய்யாமல், ஆனால் அந்தக் குழந்தையைத் தனியாகவும் விட்டுவிடாமல் கூட உட்கார்ந்திருப்பதற்குத்தான் விளையாட்டு வைத்தியம் என்று பெயர். கேட்பதற்குச் சுலபம். செய்வதற்கு மிகவும் கஷ்டம்.

இந்த முறை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1909-ல் வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டு என்பவர் குதிரையைக் கண்டு நடுங்கிய ஒரு சிறு பையனைப் பற்றி எழுதினார். வேடிக்கை என்னவென்றால், வைத்தியத்தை நடத்தியது அந்தப் பையனின் தகப்பனார்தான். பிறகு மெலனி கிளைன் என்ற அம்மையார் சிறு சிறு பொம்மைகளைக் குழந்தைகளுக்கு முன்னால் வைத்து, அவர்கள் விளையாடுவதையே பேச்சாக எடுத்துக்கொண்டார். ஃபிராய்டின் மகளும், அதற்குமுன் பள்ளி உபாத்தியாயினியாக இருந்தவருமான அன்னா ஃபிராய்டு, விளையாட்டில் வருவதற்கெல்லாம் உள்ளர்த்தம் கற்பிக்கக் கூடாதென்று அவரோடு வாதாடினார். லண்டனில் டாக்டர் மார்கரெட் லோவன்ஃபெல்டு அம்மையார் 1928-ல் குழந்தைகளுக்கென்று ஒரு வைத்தியசாலை திறந்து, மணல் தட்டில் சின்னஞ்சிறு சாமான்களைக் கொண்டு குழந்தையையே ஒரு உலகத்தைக் கட்டச் சொன்னார். இந்த யோசனை அவருக்கு எச்.ஜி.வெல்ஸ் 1911-ல் எழுதிய தரை விளையாட்டுப் புத்தகத்தைப் படித்ததிலிருந்து வந்ததாம். நமது பகுத்தறிவுத் தோழர்களுக்கு வெல்ஸைத் தெரியும். அவர் தம் பிள்ளைகளோடு தரையில் படுத்து விளையாடியவர் என்பது பலருக்குத் தெரியாது. 1947-ல் அமெரிக்காவில் கார்ல் ராஜர்ஸ் வழிவந்த வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற அம்மையார் விளையாட்டு வைத்தியத்துக்கு ஒரு புத்தகம் எழுதி எட்டு விதிகள் வகுத்தார். இன்றைக்கு உலகமெங்கும் இந்த வேலை செய்கிறவர்களில் மிகப்பலர் அந்த விதிகளை ஒட்டியே நடக்கிறார்கள். அந்த எட்டையும் ஒப்பிக்காமல், வேலைக்கு ஆகிறபடி சொல்லுகிறோம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. குழந்தை அறைக்குள் வருமுன் டாக்டரிடம் போய் வந்ததா என்று கேளுங்கள். காது கேட்காத குழந்தையை "மந்தம்" என்றும், காக்காய் வலிப்பு உள்ள குழந்தையைப் "பேய் பிடித்தது" என்றும் சொல்லுகிற நாடு இது. வலிப்புக்கு மருந்து இருக்கிறது. பொம்மை அதைத் தீர்க்காது. அதை விளையாட்டு அறையில் வைத்துக்கொண்டிருந்தால் பூசாரிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அன்றியும், மூன்று நாள் முகாமில் கேட்டுவிட்டு வீட்டு வாசலில் வைத்தியர் என்று போர்டு மாட்டிக்கொள்ளுவதும் மோசடியேயாகும். பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் வேலை செய்யுங்கள்.

இடத்தைப் பற்றிச் சொன்னால், பள்ளிக்கூடத்தில் உடைந்த பெஞ்சு போட்டு வைத்திருக்கும் அறையில் பாதியைச் சுத்தம் செய்தால் போதும். பேச்சு வெளியில் கேட்கக் கூடாது. ஆனால் கதவில் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கட்டும். குழந்தையோடு தனித்திருக்கும் பெரியவர் யாராயிருந்தாலும் வெளியிலிருந்து ஒருவர் பார்க்கும்படியாகத்தான் இருக்க வேண்டும். வாரத்தில் அதே நாள், அதே மணி, 45 நிமிஷம். சாமான்கள் போன வாரம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். தகப்பனைத் திடீரென்று இழந்த குழந்தைக்கு, சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் ஒருவர் இருக்கிறார் என்பதே பாதி மருந்து. நீங்கள் அடுத்த வாரம் வர முடியாதென்றால் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் அது நீங்களும் செத்துப் போனதாகவே நினைத்துக்கொள்ளும்.

சாமான்களுக்குப் பணம் அதிகம் வேண்டாம். சொப்புச் சாமான், துணிப்பொம்மை, கைப்பாவை, களிமண், ஒரு வாளித் தண்ணீர், கலர் பென்சில். லாரி, பஸ், ஆம்புலன்ஸ், போலீஸ்காரன். டாக்டர் ஊசியும் கேட்கும் குழலும். ஆடு மாடு, புலி, பாம்பு, முதலை. ஓர் அகலமான மணல் தட்டு. தட்டின் உட்புறத்துக்கு நீல வண்ணம் அடித்து வையுங்கள். மணலை விரலால் ஒதுக்கினால் ஆறு போலவும் குளம் போலவும் தெரியும். சாவி கொடுத்தால் தானே ஆடும் பொம்மையும், பாட்டரி போட்ட யந்திரங்களும் வேண்டாம். அதுவே விளையாடிவிட்டால் குழந்தைக்கு என்ன வேலை? உங்கள் செல்போனும் வேண்டாம். பெண் குழந்தைக்குச் சொப்பு, ஆண் குழந்தைக்கு லாரி என்று பிரித்து நீட்டாதீர்கள். அடுப்பூதுவதற்கென்றே பெண் பிறந்தாளென்ற சாஸ்திரத்தை வெளியில் கண்டித்துவிட்டு விளையாட்டு அறையில் கொண்டுவந்து நாட்டலாமா?

பொம்மையின் நிறத்தைப் பற்றி ஒரு சங்கதி சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற நீக்ரோ தம்பதிகள், மனோதத்துவ நிபுணர்கள், 3 முதல் 7 வயது வரையுள்ள 253 நீக்ரோக் குழந்தைகளுக்கு முன்னால் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் வைத்து, எதோடு விளையாட ஆசை, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையோடு விளையாடவே ஆசைப்பட்டன. கறுப்புப் பொம்மைதான் கெட்டதென்று பல குழந்தைகள் காட்டின. அதன் பிறகு "உன்னைப் போல இருப்பது எது?" என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடின. இந்த ஆராய்ச்சி 1947-ல் வெளிவந்தது. கறுப்பருக்குத் தனிப் பள்ளிக்கூடம் வைப்பது செல்லாதென்று அமெரிக்கப் பெரிய கோர்ட்டு 1954-ல் தீர்ப்புச் சொன்னபோது கிளார்க்கின் எழுத்தையும் எடுத்துக் காட்டியது. தோழர்களே! சுயமரியாதை எந்த வயதில் பறிபோகிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? நமது கடைகளில் விற்கும் பொம்மை ஒன்றாவது நமது நிறத்தில் இருக்கிறதா? கறுத்த மரப்பாச்சி இரண்டு வாங்கி வையுங்கள். வீட்டில் தாயும் பாட்டியும் கறுப்பாயிருக்கும் குழந்தைக்குத் தன் வீட்டாரை எந்தப் பொம்மையில் வைத்து விளையாடுவது என்று திண்டாட்டம் இருக்கக் கூடாது.

இனி உள்ளே நடந்துகொள்ள வேண்டிய முறை. குழந்தையின் கண்ணுக்கு எதிரே உங்கள் கண் இருக்கும்படி தரையில் உட்காருங்கள். "இந்த ரூமுல உனக்குப் பிடிச்ச மாதிரி பலவிதமா விளையாடலாம்" என்று சொல்லுங்கள். "எப்படி வேணும்னாலும்" என்று சொல்லாதீர்கள். சொல்லிவிட்டுப் பிறகு தடுத்தால் நீங்கள் பொய்யராவீர்கள். அதன் பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் நமது நாட்டுப் பெரியவர்களுக்கு முடியாத காரியம். குழந்தை சும்மா நின்றால் "அந்த லாரியை எடேன்" என்பீர்கள். எடுத்தால் "இப்படி ஓட்டு" என்பீர்கள். ஓட்டினால் "இது என்ன கலர், சொல்லு" என்று பாடம் நடத்துவீர்கள். ஒரு வாரம் முழுதும் ஒரு குழந்தை மூலையில் நின்றால் நிற்கட்டும். "இன்னைக்கு எதைத் தொடலாம்னு யோசிக்கறே போல" என்று சொல்லிவிட்டு நீங்களும் பொறுமையாயிருங்கள்.

அது ஒரு சாமானை எடுத்தால் அதற்கு நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள். உங்களுக்கு லாரியாகத் தெரிவது அதற்கு வீடாக இருக்கும், ராட்சசனாக இருக்கும். "அது வேகமா வருது", "அதை உள்ளே வச்சு மூடிட்டே" என்று நடப்பதை மாத்திரம் சொல்லுங்கள். முகத்தில் தெரிகிற உணர்ச்சியைச் சொல்லுங்கள்: "பயமாயிருக்கு அதுக்கு", "உனக்குக் கோவமா வருது". குழந்தை "இது என்ன?" என்று உங்களைக் கேட்டால், "நீ நெனைக்கறது எதுவோ அதா இருக்கலாம்" என்று பொறுப்பை அதனிடமே திருப்பிக் கொடுங்கள். "ஏன் அப்படிச் செய்தாய்?" என்ற கேள்வியை அடியோடு விட்டுவிடுங்கள். அது போலீஸ் ஸ்டேஷனில் கேட்கும் கேள்வி. பெரியவர்களுக்கே தாங்கள் செய்வதற்குக் காரணம் தெரிவதில்லை; 6 வயதுக்கு எப்படித் தெரியும்? அதேபோல் "ரொம்ப அழகு, சபாஷ்" என்று புகழவும் வேண்டாம். இதைக் கேட்டுப் பலர் ஆச்சரியப்படுவீர்கள். புகழ்ந்தால் அடுத்த படத்தை உங்களுக்காக வரையும், தனக்காக வரையாது. "முழுக்கக் கறுப்பாத் தீட்டியிருக்கே" என்று கண்டதைச் சொன்னால், தன்னை ஒருவர் கவனித்துப் பார்க்கிறார் என்று அதற்குத் தெரியும். அது போதும்.

எல்லையும் வேண்டும். உங்களையோ தன்னையோ அடித்துக்கொள்ளக் கூடாது, சாமானை வேண்டுமென்று உடைக்கக் கூடாது, அறையை விட்டு எடுத்துப் போகக் கூடாது. இவ்வளவே போதும். குழந்தை மரக்கட்டையை உங்கள் மேல் எறிய ஓங்குகிறது. கையை முறுக்கிப் பிடுங்காதீர்கள். "உனக்கு எம்மேல ரொம்பக் கோவம். ஆனா நான் அடி வாங்கறதுக்கு இல்லை. அந்தத் துணிப்பொம்மையை அடிக்கலாம்" என்று குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். உணர்ச்சியை ஒப்புக்கொள்ளுதல், எல்லையைச் சொல்லுதல், வேறு வழி காட்டுதல் என்ற இந்த மூன்று படியை அமெரிக்காவில் கேரி லேண்ட்ரெத் என்பவர் வகுத்தார். ஆனால் பொம்மையை அடிக்கிறபோது "அடி, இன்னும் அடி" என்று நீங்கள் உற்சாகப்படுத்தக் கூடாது. பெரியவர் ஒருவர் பொம்மையை உதைப்பதைப் பார்த்த குழந்தைகள் அதேபோல உதைத்ததை ஆல்பர்ட் பந்துரா 1961-ல் பரீட்சை செய்து காட்டியிருக்கிறார். குழந்தையின் கோபத்துக்கு இடம் கொடுப்பது வேறு, கோபத்தைக் கற்றுக் கொடுப்பது வேறு.

இப்போது மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். விளையாட்டுக்கு அர்த்தம் சொல்லும் ஆசை இருக்கிறதே, அது பொல்லாத ஆசை. மெலனி கிளைன் அம்மையார் 1930-ல் எழுதியதில், ஒரு 4 வயதுப் பையனுக்கு முன்னால் பெரிய ரயிலையும் சின்ன ரயிலையும் வைத்து, பெரியது அப்பா, சின்னது நீ என்று அவரே சொன்னார். ரயில் ஸ்டேஷன் அம்மா என்றும் சொன்னார். பையன் தேறினான் என்று எழுதியிருக்கிறார், இருக்கட்டும். ஆனால் இதைப் படித்துவிட்டு, முதலை வந்தால் மாமியார், பாம்பு வந்தால் இன்னது, கறுப்பு வண்ணம் வந்தால் இன்ன ஆபத்து என்று சொல்ல ஆரம்பித்தால் அதற்கும் கிளி ஜோசியத்துக்கும் என்ன பேதம்? கிளி சீட்டு எடுக்கிறது, குழந்தை பொம்மை எடுக்கிறது. அர்த்தம் சொல்லிப் பணம் வாங்குகிறவன் இரண்டிலும் ஒருவனே.

இது வெறும் பரிகாசத்துக்காகச் சொல்லுவதல்ல. 1692-ல் அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில் சில சிறு பெண்களுக்கு வலிப்புப் போன்ற கோளாறு வந்தது. யார் உங்களுக்குச் சூனியம் வைத்தது என்று பாதிரிமாரும் நீதிபதிகளும் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அந்தப் பெண்கள் பேர் சொன்னார்கள். 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். அது அந்தக் காலத்து மூடத்தனம் என்பீர்கள். 1983-ல் கலிபோர்னியாவில் மான்ஹாட்டன் பீச் என்ற ஊரில், மக்மார்ட்டின் என்ற மழலைப் பள்ளியின் மேல் ஒரு தாய் புகார் கொடுத்தார். பிறகு நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கைப்பாவைகளும் அவயவங்கள் அமைந்த பொம்மைகளும் வைத்து விசாரித்தார்கள். மற்றக் குழந்தைகள் சொல்லிவிட்டன, நீயும் சொல்லு, நீ கெட்டிக்காரன் அல்லவா என்று தூண்டினார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லையென்ற குழந்தைகள் பிறகு நடந்ததென்றன. சூனியக்காரிகள் பறந்ததைப் பார்த்தோம் என்றும், பூமிக்கடியில் சுரங்கத்தில் கூட்டிப்போனார்கள் என்றும் சொன்னவையும் உண்டு. 7 வருஷம் வழக்கு நடந்து, 1990-ல் ஒருவர்மீதும் குற்றம் ருசுவாகாமல் முடிந்தது. இதற்கிடையே நிரபராதிகள் வருஷக்கணக்கில் ஜெயிலில் கிடந்தார்கள். குழந்தைகளோ, நடக்காத கொடுமையை நடந்ததென்று நம்பிக்கொண்டு வளரும்படி விடப்பட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். நமது பூசாரி வேப்பிலையால் அடித்து "யார் நீ? சொல்லு" என்று கேட்கிறான். அவர்கள் பொம்மையைக் கையில் கொடுத்து, மிட்டாய்ப் பேச்சுப் பேசி "யார் செய்தது? சொல்லு" என்று கேட்டார்கள். இரண்டு இடத்திலும் குழந்தை, பெரியவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைச் சொன்னது. அதற்குப் பிறகு நடந்த ஆராய்ச்சிகளில், பள்ளிக்கு ஒரு மனிதன் சும்மா வந்து இரண்டு நிமிஷம் இருந்துவிட்டுப் போனதைப் பார்த்த 3, 4 வயதுக் குழந்தைகளிடம், அவன் புத்தகத்தைக் கிழித்தானாமே, கரடிப் பொம்மையை அழுக்காக்கினானாமே என்று வாரக்கணக்கில் கேட்டபோது, கடைசியில் பெரும்பாலான குழந்தைகள் ஆமாம் என்றே சொல்லின. ஆகவே ஒரு குழந்தை ஒரு பொம்மையை இன்னொரு பொம்மையின் மேல் வைத்தது என்பதை மாத்திரம் கொண்டு எதையும் தீர்மானிக்காதீர்கள். திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். வீட்டிலும் பள்ளியிலும் நடப்பதோடு பொருத்திப் பாருங்கள். கண்டதை ஒரு பக்கத்திலும் நினைத்ததை எதிர்ப் பக்கத்திலும் எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

ஆனால் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு, குழந்தை வாய் திறந்து தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லும்போது காதை மூடிக்கொள்ளுகிறவனை நாம் அயோக்கியன் என்றே சொல்லுவோம். "மாமா இப்படிப் பண்ணினாரு" என்று அதுவாகச் சொன்னால், பதறாமல் கேளுங்கள். "எங்கிட்ட சொன்னது நல்லது, உம்மேல தப்பில்லை" என்று சொல்லுங்கள். அது சொன்ன வார்த்தைகளை அப்படியே அன்றே எழுதிக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். மேற்கொண்டு துருவித் துருவிக் கேட்காதீர்கள். அந்த வேலை வேறு ஆட்களுடையது. 2012-ல் வந்த போக்ஸோ சட்டம், இப்படித் தெரியவந்ததைப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியது எல்லாப் பெரியவர்களுடைய கடமை என்கிறது. மறைத்தால் தண்டனை உண்டு. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடியவரையில் பெண் அதிகாரியே வந்து வாங்க வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. இது தெரியாத போலீஸ்காரர்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். 1098 என்ற டெலிபோன் நம்பரைச் சுவரில் எழுதி வையுங்கள். குடும்ப மானம், ஜாதி மானம் என்று யாராவது வந்து நின்றால், ஒரு குழந்தையின் உடம்பைவிடப் பெரிய மானம் உன் ஜாதிக்கு என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

நமது தோழர்கள் சிலருக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்று நடுங்கிக்கொண்டு ஒரு குழந்தை வருகிறது. நீங்கள் பகுத்தறிவுவாதி. உடனே சாமியாவது பூதமாவது என்று அதற்குப் பிரசங்கம் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். "சாமி குத்திடுமோன்னு உனக்குப் பயமாயிருக்கு" என்று அந்தப் பயத்தோடு நில்லுங்கள். ஒரு குழந்தை மரப்பாச்சிக்கு விபூதி பூசிப் பூஜை செய்தால் செய்யட்டும், நீங்கள் மணி அடிக்கவும் வேண்டாம், முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம். இதென்ன, சுயமரியாதைக்காரன் பேசுகிற பேச்சா என்று கேட்கலாம். ஆம், இதுதான் சுயமரியாதைக்காரன் பேச்சு. குழந்தையின் தலையில் ஒருவன் அதன் சம்மதமில்லாமல் புராணத்தைத் திணித்தான் என்பதுதானே நமது புகார்? அதை எடுத்துவிட்டு நமது கொள்கையை அதே மாதிரி திணிப்பது அந்தப் பூசாரியின் உத்தியோகத்தை நாம் எடுத்துக்கொள்வதே ஆகும். பிரச்சாரத்துக்கு மேடை இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, பெரியவர்கள் இருக்கிறார்கள். அதன் பெற்றோரிடம் வாதாடுங்கள். அந்த 45 நிமிஷம் குழந்தையுடையது.

மட்டக்களப்பில் 1996-ல், யுத்தத்தில் அடிபட்ட கிராமங்களின் தமிழ்க் குழந்தைகளையும் முஸ்லிம் குழந்தைகளையும் ஒன்றாகக் கூட்டிவந்து, களிமண்ணும் வர்ணமும் கதையும் நாடகமுமாக விளையாட விட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்று ஆரம்பித்தார்கள். அதை நடத்தியவர்களில் ஏசு சபைப் பாதிரியார் ஒருவரும் உண்டு. நமக்கு அதில் ஆட்சேபணையில்லை. குழந்தைக்கு ஜெபம் கொடுக்காமல் களிமண் கொடுக்கிற பாதிரி நமக்குத் தோழரே.

ஜாதி விளையாட்டு ஒன்றும் உங்கள் அறைக்குள் வரத்தான் செய்யும். சொப்பில் டீக்கடை வைக்கும் குழந்தை, ஒரு பொம்மைக்கு மாத்திரம் தனிக் குவளை கொடுத்துத் தள்ளி உட்காரச் சொல்லும். உங்களுக்கு ரத்தம் கொதிக்கும். கொதித்தாலும் குழந்தையைத் திட்டாதீர்கள். அது அதைக் கண்டுபிடிக்கவில்லை. தெருவில் பார்த்ததைத்தான் உங்களுக்குக் காட்டுகிறது. "அந்தப் பொம்மை மட்டும் தூரமா உக்காந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். அது தள்ளுகிற பக்கத்துக் குழந்தையா, தள்ளப்படுகிற பக்கத்துக் குழந்தையா என்பது விளையாட விளையாடத் தெரியும். பலருக்குச் சேர்த்து விளையாட்டு நடத்தும்போது ஒருவர் தண்ணீர்ச் சொம்பை ஒருவர் தொடக் கூடாதென்று எந்தப் பெற்றோராவது சொன்னால், அந்தப் பெற்றோரோடு சண்டை போட வேண்டியது உங்கள் வேலை. இதில் பொறுமை வேண்டியதில்லை.

நிற்க, இதனால் குணம் உண்டா என்று கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். 93 ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்து 2005-ல் வெளியிட்டார்கள். விளையாட்டு வைத்தியம் பெற்ற குழந்தைகள் பெறாதவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தனர். பெற்றோரையும் பழக்கிச் சேர்த்துக்கொண்ட இடங்களில் பலன் இன்னும் அதிகம். அந்த ஆராய்ச்சிகளில் பல சிறிய கூட்டத்தை வைத்துச் செய்தவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பெற்றோரைப் பழக்குவதென்பது 1964-ல் பெர்னார்டு கெர்னி எழுதிய முறை. தாயோ தகப்பனோ வாரத்தில் ஒரு நாள் 30 நிமிஷம், வேறு வேலையில்லாமல், உபதேசமில்லாமல், அடியில்லாமல் குழந்தையோடு தரையில் உட்கார வேண்டும். கூலி வேலைக்குப் போய்வரும் தாய்க்கு அந்த 30 நிமிஷம் கிடைப்பதே கஷ்டம் என்பதை அறிவோம். ஆகையால் வீட்டு வேலையில் பாதியைச் செய்ய ஆண்பிள்ளையை முதலில் பழக்க வேண்டியிருக்கும்.

பெற்றோர் வாசலில் நின்றுகொண்டு "இன்னைக்கு என்ன சொன்னா?" என்று கேட்பார்கள். குழந்தை விளையாடியதை ஒன்றொன்றாக ஒப்பிக்காதீர்கள். ஒப்பித்தால் அடுத்த வாரம் அது விளையாடாது. "அப்பா போனதை நெனைச்சு இன்னும் பயப்படறா, ராத்திரி பக்கத்துல படுத்துக்குங்க, அப்பா ஊருக்குப் போயிருக்காருன்னு பொய் சொல்லாதீங்க" என்று அவர்கள் செய்ய வேண்டியதை மாத்திரம் சொல்லுங்கள். குழந்தைக்கு ஆபத்தென்றால் மாத்திரமே ரகசியம் கிடையாது.

கடைசியாக, குழந்தை தேறியபின் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். இன்னும் மூன்று வாரம், இரண்டு வாரம் என்று மூன்று நான்கு வாரம் முன்னாலேயே சொல்லி, ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு அதன் கையாலேயே அடிக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு வாரமும் முடிவதற்கு 5 நிமிஷம் இருக்கும்போது சொல்லிப் பழக்கியிருந்தால் இது சுலபமாயிருக்கும். கடைசி நாளில் அது லாரியைத் தூக்கி எறியலாம், அல்லது உங்களைப் பார்க்கவே மாட்டேனென்று திரும்பி நிற்கலாம். போகாதே என்று சொல்ல அதற்கு அந்த வழிதான் தெரியும். சிரிக்க வைக்க முயற்சிக்காமல் அந்த 45 நிமிஷமும் இருந்து, வாசல்வரை வந்து அனுப்புங்கள்.

மணியாகிவிட்டது. சந்தேகமுள்ளவர்களும், நாம் சொன்னதை மறுக்க விரும்புகிறவர்களும் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புங்கள். தாய்மார்கள் எழுதி அனுப்புவதை முதலில் எடுத்துக்கொள்ளுகிறோம்.